தூக்கிட்டு வர்றவ பேச்சு

காலை ஏழரை மணிக்குப் பெட்டியக்கா தன் சிவப்புப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே டப்பாக்கள் ஆடாமல் நிற்கத் துளை போட்ட தட்டு, அதற்கு அடியில் பஞ்சு விரிப்பு. ஏதாவது சிந்தினால் துடைப்பதற்கு ஒரு சின்னப் பை தனியாக. ஆஸ்பத்திரியில் யாருக்கும் அவள் பெயர் தெரியாது, தேவைப்படவும் இல்லை. நோயாளியின் ரத்தமோ சதைத் துணுக்கோ லேபுக்குப் போக வேண்டுமென்றால் "பெட்டியக்காவைக் கூப்பிடு" என்பார்கள்.

எட்டு மாதத்துக்கு முன்பு வரை அந்தப் பெட்டி அவள் வீட்டுக்காரர் கையில் இருந்தது.

நடந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். மறந்தவர்களும் இருப்பீர்கள், இன்றைக்குத்தான் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களும் இருப்பீர்கள். இரண்டு பெண்களின் சாம்பிள் மாறிப் போனது. நோய் இருந்தவளிடம் ஒன்றுமில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒன்றுமே இல்லாதவளைப் படுக்கவைத்து அறுத்தார்கள். விஷயம் வெளியே வந்ததும், லேபில் சாம்பிள் வாங்கும் இடத்துக்குப் பொறுப்பானவர் ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தார். கொண்டு வந்தவர் மாடிப்படித் திருப்பத்தில் பெட்டியைக் கீழே போட்டார், மூடிகள் கழன்றன, மாற்றி மூடிவிட்டார் என்று அறிக்கை சொன்னது. "நான் போடவே இல்லை" என்று வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னதற்கு அதன் கடைசி வரி பதில் வைத்திருந்தது. தூக்கிக்கொண்டு வருபவரின் பேச்சை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது.

பத்தொன்பது வருட வேலை அந்த ஒரு வரியில் போயிற்று.

எழுதியவர் யாரோ எவரோ என்றால் மண்ணை வாரித் தூற்றிவிட்டு விட்டிருக்கலாம். எழுதியவர் வீட்டுக்காரரின் சொந்தத் தங்கையைக் கட்டியவர். குடும்பத்தில் எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளை. பெட்டியக்கா அவரை அண்ணா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அறிக்கை வந்த நாளிலிருந்து சார் என்றாள். வீட்டுக்கு வந்தாலும் சார், தெருவில் பார்த்தாலும் சார். ஒவ்வொரு சாருக்கும் அவர் முகம் ஒரு தடவை சுருங்கும். அதைப் பார்ப்பதில் அவளுக்கு அலுப்பே தட்டவில்லை.

அப்போது அவள் வார்டில் படுக்கை விரிப்பு மாற்றும் வேலையில் இருந்தாள். வீட்டுக்காரரை வெளியே அனுப்பிய மூன்றாம் நாள், மேற்பார்வையாளரிடம் போய் "அந்தப் பெட்டிய எனக்குக் குடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். தினமும் நாலு தடவை மாப்பிள்ளையின் முன்னால் போய் நிற்கவேண்டும், அவர் கையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அதற்காகத்தான் கேட்டாள். அவர் எப்போதாவது சறுக்குவார். அப்போது தான் அங்கே இருக்கவேண்டும்.

எட்டு மாதத்தில் அவர் சறுக்கவில்லை. நாளைக் காலை பத்து மணிக்குக் கடைசி விசாரணை. புது ஆதாரம் எதுவும் இல்லையென்றால் இத்தோடு முடித்துக்கொள்கிறோம் என்று கடிதம் வந்திருந்தது. இன்று ஒரு நாள்தான் பாக்கி.

அன்றைக்குப் பார்த்துத்தான் மாப்பிள்ளையின் மனைவியான அவள் நாத்தனாரின் கழுத்துக்கட்டியில் துணுக்கு எடுக்க நாள் குறித்திருந்தார்கள்.

*

ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி நாத்தனார். பக்கத்தில் ஒரு தையல்காரம்மா, அவளுக்கும் கழுத்தில்தான் கட்டி. தையல்காரம்மா பயத்தை மறைக்க நாத்தனாரின் ரவிக்கைத் தையலில் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். தோள்பட்டை ஏறியிருக்கிறதாம், யாரோ கத்துக்குட்டி வெட்டினதாம்.

பெட்டியக்காவைக் கண்டதும் நாத்தனார் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். எட்டு மாதமாக இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

"அண்ணி, என்னோடத நீங்களே எடுத்துட்டுப் போங்க. வேற யார் கையிலயும் குடுத்துடாதீங்க."

"இங்க வேற யாரு இருக்கா? நான்தான் எடுத்துட்டுப் போகணும்."

"குடுத்த கையோட திரும்பிடாதீங்க அண்ணி. கொஞ்ச நேரம் அங்கயே நில்லுங்க. அவர் பாத்து முடிக்கிற வரைக்கும் நில்லுங்க."

பயத்தில் உளறுகிறாள் என்று பெட்டியக்கா நினைத்தாள். கையை உதறவேண்டும் போலவும் இருந்தது, உதறவும் முடியவில்லை. இந்தப் பெண்ணுக்குக் கல்யாணத்தன்று தலை பின்னிவிட்டவள் அவள்தான்.

"நிக்கிறேன். போய் உக்காரு."

உள்ளே சிஸ்டர் இரண்டு காலி டப்பாக்களை எடுத்து வைத்திருந்தார். கைக்கடக்கமான வெள்ளை டப்பா, இரண்டும் ஒரே அளவு. பெயர் அச்சடித்த தாளை வழக்கம்போல மூடியில் ஒட்டினார். தியேட்டரில் எல்லோரும் மூடியில்தான் ஒட்டுவார்கள், மேலே இருந்து பார்த்தால் சட்டென்று தெரியும் என்று.

"சிஸ்டர், பேனாவாலயும் ஒரு தடவை."

"எட்டு மாசமா இதே பாட்டா? உங்களுக்கு மட்டும் நான் எல்லாத்தையும் ரெண்டு தடவை எழுதணும்."

"தாளு ஈரம் பட்டா கழண்டுடும் சிஸ்டர். அழியாத பேனா உங்க பையிலயே இருக்கு பாருங்க."

சிஸ்டர் முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். நல்ல மனுஷி, முணுமுணுத்தாலும் எழுதிவிடுவார்.

பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது இரண்டு டப்பாவும் வெளியே வந்தன. பெட்டியக்கா நோட்டில் நேரம் எழுதினாள். வெள்ளைத் தாள், அதற்கடியில் கார்பன், அதற்கடியில் ரோஸ் தாள். வெள்ளை லேபில் தங்கிவிடும், ரோஸ் தாளைக் கிழித்துப் பெட்டிக்காரர் எடுத்து வரவேண்டும். பிறகு வலது கையில் உறை மாட்டிப் பெட்டியைத் தூக்கினாள். இடது கை வெறும் கை, அது கதவுக்கும் லிஃப்ட் பொத்தானுக்கும். உறை போட்ட கையால் கதவைத் தொட்டால் அடுத்து தொடுகிறவன் தலையில் விழும். இதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது வீட்டுக்காரர்தான், கல்யாணமான புதிதில், பெருமை தாங்காமல்.

லிஃப்டில் கூட்டம். படியில் இறங்கினாள்.

மாடிப்படித் திருப்பம் வந்தது. அறிக்கையில் எழுதியிருந்த அதே திருப்பம். வீட்டுக்காரர் ஒரு நாளும் பெட்டியைப் போடாத இடம்.

அங்கே அவள் நின்றாள். இதுதான் நான் சொல்ல வந்தது. பெட்டிக்குள் மாப்பிள்ளையின் பெண்டாட்டி இருக்கிறாள். கை கொஞ்சம் நழுவினால் போதும். நீங்கள் எழுதினபடியே நடந்துவிட்டது சார் என்று போய் நிற்கலாம். மறுபடி அவள் கழுத்தில் கத்தி வைக்கட்டும், அவர் வெளியே நின்று தவிக்கட்டும். இந்த நினைப்பு எங்கிருந்தோ வந்து புகுந்துகொண்டதல்ல. அவளே நினைத்தாள், ருசித்து நினைத்தாள்.

பிறகு தையல்காரம்மாவின் டப்பாவும் அதே பெட்டியில் இருப்பது ஞாபகம் வந்தது. பெட்டியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மீதிப் படிகளை இறங்கினாள்.

*

லேபில் மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். சாம்பிள் வாங்கும் மேசைக்குப் பின்னால் மாப்பிள்ளை மட்டும் இருந்தார். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, சட்டைப் பையில் மூன்று பேனா. எழுத்து வேலைக்காரர் என்று மூன்று பேனாவும் சொல்லும்.

"தியேட்டர்லேருந்து ரெண்டு, சார். பாத்துட்டுக் கையெழுத்து போடுங்க."

அவர் மூடிகளைப் பார்த்தார். மனைவியின் பெயரைப் படித்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இரு. மருந்துத் தண்ணி போதுமான்னு பாக்கணும்."

துணுக்கு கெட்டுப்போகாமல் இருக்க டப்பாவில் ஒரு மருந்துத் தண்ணீர் இருக்கும். தியேட்டரில் அவசரத்தில் குறைவாக ஊற்றிவிடுவார்கள். லேபில் திறந்து பார்த்து நிரப்ப வேண்டும். ஒரு டப்பாவைத் திறந்து, ஊற்றி, மூடி, அதன் பிறகுதான் அடுத்ததைத் தொடவேண்டும் என்பது விதி. சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது. மாப்பிள்ளை அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருப்பார். வரிசையாகத் திறப்பார், வரிசையாக ஊற்றுவார், வரிசையாக மூடுவார். பத்து டப்பா வந்தாலும் அப்படித்தான். கை அவ்வளவு வேகம் என்று லேபில் பெயர் வாங்கியவர்.

டப்பாக்களைத் தட்டில் வைத்து, இரண்டு மூடிகளையும் திறந்து மேசை ஓரத்தில் வைத்தார்.

"ஒண்ணொண்ணா திறங்க" என்று பெட்டியக்கா சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் நல்லவள் என்று நானும் உங்களிடம் சொல்லவில்லை.

ஊற்றி முடித்த நேரத்தில் மேசை ஃபோன் அடித்தது. அலுவலகத்திலிருந்து. நாளை விசாரணைக்குப் பழைய பதிவேட்டை எடுத்து வரச் சொன்னார்கள் போலிருக்கிறது. "எல்லாம் தயாரா இருக்கு, ஐயா" என்று பணிவாகச் சொல்லிக்கொண்டே ஃபோனை வைக்கத் திரும்பினார். முழங்கை இடித்தது. டப்பாக்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு தட்டிலேயே அரை வட்டம் சுற்றி நின்றன. மூடிகள் இரண்டும் தரையில் விழுந்து, ஒன்று மேசைக்கடியிலும் ஒன்று அலமாரிப் பக்கமுமாக உருண்டன.

குனிந்து எடுத்தார். கையில் இரண்டு மூடி, இரண்டு பெயர். தட்டில் இரண்டு டப்பா. டப்பாக்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பக்கவாட்டில் எதுவும் இல்லை, வெள்ளை வெளேர் என்று இருந்தன. உள்ளே இரண்டிலும் பட்டாணி அளவில் ஒரு துணுக்கு.

பெட்டியக்கா அசையாமல் நின்றாள். எட்டு மாதமாகக் காத்திருந்த சறுக்கல் இதுதான், கண்ணெதிரே நடந்துவிட்டது. மனதுக்குள் ஏதோ ஒன்று ஏறி உட்கார்ந்தது. அது சந்தோஷம்தான், வேறு பெயர் வைக்க வேண்டியதில்லை.

மாப்பிள்ளை ஒரு மூடியை வலப்பக்க டப்பாவின் மேல் கொண்டு போனார். நிறுத்தினார். இடப்பக்கம் கொண்டு போனார். உதடு அசைந்தது. மறுபடி வலப்பக்கம் வந்து, மூடப் போனார்.

அந்த ஒரு நொடியில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அன்றைக்கும் இதேதான். இதே மேசை, இதே கை, இதே குத்துமதிப்பு.

"கைய எடுங்க."

அவர் திடுக்கிட்டு எடுத்தார்.

"அன்னைக்கும் இப்படித்தான் மூடினீங்களா, சார்?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. நெற்றியில் எண்ணெயும் வியர்வையும் கலந்து பளபளத்தது. "நீ இங்கதானே நின்ன. எது எதுன்னு பாத்திருப்பியே, தங்கச்சி" என்றார்.

எட்டு மாதத்துக்குப் பிறகு தங்கச்சி.

"பாத்தேன்."

"அப்ப சொல்லும்மா."

"நான் சொல்லி என்ன சார் ஆகப்போகுது. தூக்கிட்டு வர்றவ பேச்ச ஆதாரமா எடுத்துக்க முடியாதுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க."

"இது விளையாடற நேரமா? இதுல ஒண்ணு உன் நாத்தனாரோடது."

"அன்னைக்கு இருந்ததும் ரெண்டு பொம்பளைங்களோடதுதான். அவங்களும் யாருக்கோ நாத்தனாராத்தான் இருந்திருப்பாங்க."

"தெரியலன்னு எழுதினா மறுபடியும் அவளைப் படுக்க வெச்சு அறுக்கணும். அவ தாங்கமாட்டா, தங்கச்சி. காலைலேயே கை காலெல்லாம் ஜில்லுன்னு ஆயிடுச்சு அவளுக்கு."

"எனக்கும் தெரியும். என் கையதான் பிடிச்சா."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மூடிகளைக் கீழே வைக்கவும் தோன்றாமல் கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பரிதாபமாகத்தான் இருந்தது. பெட்டியக்கா நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

பிறகு நோட்டைத் திறந்து அவர் முன்னால் நகர்த்தினாள்.

"எழுதுங்க. அன்னைக்கு என்ன நடந்துச்சோ அத மட்டும். கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம். எழுதினதும் எது எதுன்னு சொல்றேன்."

"இது அநியாயம்."

"சரி, வெச்சுடறேன். டீ குடிக்கப் போனவங்க வந்துடுவாங்க. அவங்க முன்னாடியே எது எதுன்னு யோசிங்க."

சுவர்க் கடிகாரம் ஓடியது. மாப்பிள்ளை மூன்று பேனாக்களில் ஒன்றை எடுத்தார்.

எழுத்து வேலைக்காரர்தானே, எழுத ஆரம்பித்தால் சுத்தமாக எழுதினார். அந்தத் தேதியைப் போட்டார். இரண்டு டப்பாக்களையும் ஒரே நேரத்தில் திறந்தேன். மூடிகள் கலந்துவிட்டன. எது எதனுடையது என்று தெரியாமல் மூடினேன். கொண்டு வந்தவர் பெட்டியைக் கீழே போடவில்லை. போட்டார் என்ற வரி என் பயத்தில் நானாக எழுதியது. கீழே கையெழுத்து.

"நேரமும் போடுங்க."

பதினொன்று ஆறு என்று போட்டார்.

"இப்ப சொல்லு."

"ரெண்டையும் அலுங்காம தூக்கி, அடியில பாருங்க."

அவர் புரியாமல் பார்த்தார். பிறகு மெல்ல ஒரு டப்பாவைத் தூக்கினார். அடிப்பாகத்தில் சிஸ்டரின் குண்டு எழுத்தில் அவர் மனைவியின் பெயரும் எண்ணும் அழியாத மையில் இருந்தன. மற்றதன் அடியில் தையல்காரம்மாவின் பெயர்.

"எட்டு மாசமா நான் கொண்டு வர்ற ஒவ்வொரு டப்பாவுலயும் அங்க பேரு இருக்கு சார். தினம் நாலு தடவ கொண்டு வர்றேன். ஒரு நாள்கூட நீங்க தூக்கிப் பாக்கல. உங்களுக்கு மூடிய மட்டும்தான் தெரியும்."

மாப்பிள்ளை டப்பாவை மெல்லக் கீழே வைத்தார். அவள் சொன்னபடி அலமாரியிலிருந்து இரண்டு புது மூடி எடுத்தார், கீழே விழுந்தவை ஆகாது என்பதால். ஒன்றை மூடி, பெயர் எழுதி, அதன் பிறகுதான் அடுத்ததைத் தொட்டார். கடைசியில் கை நோட்டின் பக்கம் போனது.

வெள்ளைத் தாள் மட்டும்தான் இருந்தது. அவர் எழுத்து கார்பனில் பதிந்த ரோஸ் தாளை அவள் கிழித்து மடித்து உள்ளங்கையில் வைத்திருந்தாள்.

"அது போனா என் வேலை போச்சு. உன் நாத்தனாரும் தெருவுலதான் நிப்பா."

"என் வீட்டுக்காரர் எட்டு மாசமா எங்க நிக்கிறாருன்னு நெனச்சீங்க?"

*

வீட்டுக்காரர் வீட்டிலேயே துணி தேய்த்துக் கொடுக்கிறார். மாத்தினவர் என்று பெயர் வந்த பிறகு வேறெங்கும் வேலை கிடைக்கவில்லை. துணி கொண்டு வருகிறவர்களும் சும்மா இருப்பதில்லை. "என் சட்டைய வேற யாருக்காவது மாத்திக் குடுத்துடாதீங்க" என்று சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் கூடச் சிரிப்பார். ஒவ்வொரு காலருக்கு உள்ளேயும் சின்னதாக எண் எழுதி, அதை நோட்டிலும் எழுதி, வாங்க வந்தவர் கையெழுத்தும் நேரமும் இல்லாமல் ஒரு கைக்குட்டையைக்கூடக் கொடுக்க மாட்டார்.

சாயங்காலம் ஆறரைக்கு அவள் ரோஸ் தாளை அவர் முன்னால் வைத்தாள். இரண்டு தடவை படித்தார். அவள் எதிர்பார்த்த முகம் வரவில்லை.

"மூடியில மட்டும் பேரு இருந்த டப்பாவ நான் கையிலயே வாங்கியிருக்கக் கூடாது. அது என் தப்பு" என்றார்.

"இப்ப இந்த நியாயம் எதுக்குங்க? நாளைக்கு இதக் குடுத்தோம்னா அவரு ஒழிஞ்சாரு. அவ்வளவுதான்."

அவர் பதில் சொல்வதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். நாத்தனார் நின்றிருந்தாள். கழுத்தில் வெள்ளைக் கட்டு, கண் சிவந்திருந்தது. அண்ணனை ஏறிட்டும் பார்க்காமல் நேரே அண்ணியிடம் வந்தாள்.

"என் சதைய வெச்சுப் பேரம் பேசினீங்களா, அண்ணி?"

"உன் பேரு டப்பா அடியிலயே இருந்துச்சு. ஒரு நிமிஷம்கூட அது யாரோடதுன்னு தெரியாம இல்ல."

"உங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதில்ல. எட்டு நிமிஷம் உயிரே போயிடுச்சுன்னு அழறாரு."

"எட்டு மாசத்துக்கு எட்டு நிமிஷம். கொறச்சல்தான்."

"நீங்க அவரப் பாக்கல. வந்ததும் மூலையில உக்காந்துட்டாரு. சாப்பாட்டத் தொடல. அன்னைக்கும் இப்படித்தான், விடிய விடிய தலையப் பிடிச்சிக்கிட்டு..."

சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

வீட்டுக்காரர் தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"என்னைக்கு?"

நாத்தனார் சுவரைப் பார்த்தாள், தேய்த்து அடுக்கிய சட்டைகளைப் பார்த்தாள். அந்த வீட்டில் பார்வையை வைக்க அவளுக்கு இடம் கிடைக்கவில்லை.

"என்னைக்கும்மா?" என்று அண்ணன் மறுபடி கேட்டார். குரல் உயரவே இல்லை.

"மாறிப் போன அன்னைக்கு. வீட்டுக்கு வந்ததும் என்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாரு. போய் உண்மைய ஒத்துக்கிறேன்னுதான் சொன்னாரு. நான்தான்..." அவள் கழுத்துக் கட்டைக் கையால் பிடித்துக்கொண்டாள். "நான்தான் வேணாம்னேன். அண்ணனுக்கு வேற வேலை கெடைச்சிடும், உங்களுக்குக் கெடைக்காதுன்னு சொன்னேன். அண்ணன் என்னை மன்னிச்சிடும்னு நெனச்சேன்."

பெட்டியக்காவுக்குக் காலையில் பெஞ்சருகே நடந்தது ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. குடுத்த கையோட திரும்பிடாதீங்க. அங்கயே நில்லுங்க. அவர் பாத்து முடிக்கிற வரைக்கும் நில்லுங்க. பயத்தில் உளறவில்லை இவள். புருஷன் கை எப்படி மூடும் என்று இவளுக்குத் தெரியும். தன் துணுக்கு என்று வந்ததும் காவலுக்கு அண்ணி வேண்டியிருந்திருக்கிறது. அண்ணன் தலையில் விழுந்தபோது வாயை மூடிக்கொள்ள முடிந்திருக்கிறது. எட்டு மாதமாகத் தவறான ஆளை வெறுத்துக்கொண்டிருந்தேனே என்று நினைத்தாள். பாதி ஆளைத்தான் வெறுத்திருந்தாள், மீதிப் பாதி இங்கே நின்றுகொண்டிருந்தது.

"வெளிய போ" என்றாள்.

"இரு" என்றார் வீட்டுக்காரர்.

அவர் ரோஸ் தாளை எடுத்து நாலாக மடித்தார். தங்கையின் எதிரே நீட்டினார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணை. இத நீ கொண்டு வந்து அங்க குடு."

"என்னங்க பண்றீங்க?" பெட்டியக்கா குறுக்கே வந்தாள். "வெள்ளத் தாள் அந்த ஆளுகிட்ட இருக்கு, இந்நேரம் கிழிச்சிருப்பாரு. இருக்கிறது இது ஒண்ணுதான். இவகிட்டப் போயா குடுக்கிறீங்க?"

"ஒண்ணுதான்னு தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"அவளும் ஒரு தடவ தூக்கிட்டுப் போகட்டும்" என்றார். "அப்பத் தெரியும்."

எட்டு மாதமாகக் கோபமே வராத மனுஷன் என்று அவரைப் பற்றி நினைத்திருந்தாள். அவர் முகத்தைப் பார்த்தபோது அந்த நினைப்பு போய்விட்டது.

நாத்தனார் கை நீட்டவில்லை. அவர் நீட்டிய கையை எடுக்கவும் இல்லை. கடைசியில் வாங்கிக்கொண்டாள். வீட்டுக்காரர் துணி நோட்டைப் புரட்டி, சட்டைகளும் கால்சட்டைகளும் எழுதியிருந்த பக்கத்தில் அடுத்த வரியைக் காட்டினார். தாள் ஒன்று என்று அவரே எழுதினார்.

"வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்து போடு. நேரமும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். ஆறு ஐம்பது. பிறகு தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

தெருமுனையில், மூடியிருந்த கடை ஒன்றின் வாசலில் மாப்பிள்ளை காத்து நின்றிருந்தார். அவளைக் கண்டதும் இரண்டடி முன்னால் வந்தார். ஏதோ கேட்டார். அவள் ஆமென்று தலையசைத்தாள். தாளுக்காக அவர் கையை நீட்டினார்.

வாசலிலிருந்து பார்த்த பெட்டியக்கா, ஓடிப்போய்த் தடுக்கச் செருப்பைத் தேடினாள். வீட்டுக்காரர் தெருவின் பக்கம் திரும்பவே இல்லை. தேய்ப்புப் பெட்டியை எடுத்து, அடுத்த சட்டையின் காலரைப் புரட்டி எண்ணைப் பார்த்தார்.